மதராஸ் ஹெரால்டுக்கு கவென்ட்ரி அளவுகோலா? பழங்கார் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். கண்காட்சியில் என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு நீங்கள் போட்ட மதிப்பெண் தாள் தபாலில் வந்து சேர்ந்தது. ‘நான்கு கதவுகள்: பாடியில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. ‘டைனமோ: அசல் அல்ல’ என்று அடுத்த வரி. இரண்டுக்கும் மதிப்பெண் வெட்டு. கையெழுத்து மிக அழகாக இருந்தது, அதற்கு நன்றி.

ஹெரால்டைத் தயாரித்த வண்டலூர்த் தொழிற்சாலையின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மதிப்பெண் தாளைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. 1959இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த காருக்கு அங்கே இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டை அவர்கள் தங்கள் ஊரில் விற்றதே இல்லை. இங்கே 1960களின் பிற்பகுதியில், பின்சீட்டில் பெரியவர்கள் ஏறி இறங்க வேண்டிய நம் குடும்பங்களுக்காக வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியே நான்கு கதவு வைத்தது. அங்கே எஞ்சின் 1147 சிசி, 1296 சிசி என்று வளர்ந்தது. இங்கே 948 சிசியே நீடித்தது. அதற்குப்பின் இங்கே வந்த கெசல் காரிலும் அதே எஞ்சின்தான், பின் ஆக்ஸில்தான் மாறியது. ஆக, ஆங்கிலேயர்களுக்காக அச்சிட்ட பாகப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் மதராஸில் பிறந்த ஒவ்வொரு ஹெரால்டும் குற்றவாளியாகத்தான் தெரியும்.

கதவு சந்தேகம் என்றால் தீர்த்துக்கொள்ள வழி இருந்தது. கதவுத் தூணின் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கினால் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் வரிசையாக, சீரான இடைவெளியில் தெரியும். டிங்கர் வெட்டி ஒட்டியிருந்தால் கேஸ் வெல்டிங்கின் தழும்பு இருக்கும், மேலே பட்டி பூசியிருப்பார்கள். ஒரு சிறு காந்தத்தை பெயின்ட் மேல் வைத்தாலே பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கும். என் வண்டியின் அருகே எந்த நடுவரும் குனியவே இல்லை.

டைனமோ விஷயம்தான் மனதை அதிகம் வருத்துகிறது. அதில் ‘லூகாஸ்-டிவிஎஸ்’ என்று தகடு இருக்கிறது. காரின் மின்பாகங்கள் செய்ய 1961இல் தொடங்கிய கம்பெனி, சென்னையில் பாடி என்ற ஊரில் தொழிற்சாலை. வெளிநாட்டுப் பாகத்தை இறக்குமதி செய்வதைக் குறைத்து உள்ளூரிலேயே செய்யுங்கள் என்று அரசாங்கம் நெருக்கிய காலம் அது. அந்த நெருக்கடியில்தான் பாடி வட்டாரத்தில் பிரேக்குக்கு ஒரு கம்பெனி, சக்கரத்துக்கு ஒரு கம்பெனி என்று முளைத்தன. அறுபதுகளின் கடைசியில் வண்டலூரிலிருந்து வெளிவந்த காரில் பாடி டைனமோ இருப்பதுதான் இயல்பு. பளபளக்கும் இங்கிலாந்து டைனமோ இருந்திருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த டைனமோ கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கும்போது வண்டியில் இருந்தது ஏதோ டிராக்டரிலிருந்து கழற்றி மாட்டியது. கடைக்காரர்கள் எல்லோரும் இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைத்துத் தருகிறேன் என்றார்கள். பெட்டிகூடப் பழசு மாதிரி அச்சிட்டு வருகிறது சார், யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒருவர் உறுதியும் கொடுத்தார். கடைசியில் மதுரைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கின் ஷெட்டில், கிரீஸும் மண்ணும் கெட்டியாகப் படிந்து, அரிவாள் பிடி மாதிரி கறுத்துக் கிடந்தது. காயில் எரிந்து போயிருந்தது. கம்பி பிரஷ் போடாதீங்க தம்பி, எழுத்து போயிடும் என்று தடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் அவரே துடைத்தார். தகட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. உள்ளே காயில் புதிதாகச் சுற்றினோம். வெளிக்கூட்டையும் தகட்டையும் தொடவில்லை, பெயின்ட்கூட அடிக்கவில்லை. அதைத்தான் அசல் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் பரிசு வாங்கிய வண்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் அதன் டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது எஞ்சின் சிலிண்டர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகத்தை, ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். லூகாஸ் தன் பாகங்களில் தயாரித்த காலத்தை எண்ணாகக் குத்திவிடும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் அதில் இருக்கும். 1962 மாடல் என்று பலகை வைத்திருந்த வண்டியில் 74 என்று குத்தியிருந்தது. வருங்காலத்தை முன்கூட்டியே வாங்கிப் பொருத்திய கம்பெனி என்று அதற்குத் தனிப் பரிசே கொடுத்திருக்கலாம்!

இங்கிலாந்தில் ஹெரால்டு வைத்திருப்பவர் அங்குள்ள கார் அருங்காட்சியகத்துக்கு எழுதினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். வண்டலூர் தொழிற்சாலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவது? எங்களுக்கு இருக்கும் ஒரே பதிவேடு இந்தப் பாகங்களில் குத்தியிருக்கும் எழுத்துதான். உங்கள் தாளைப் பார்த்து அடுத்த வருடம் நாலு பேர் பாடி டைனமோவைக் காயலான் கடையில் போட்டுவிட்டு இங்கிலாந்து டைனமோவை மாட்டிக்கொண்டு வருவார்கள். பரிசும் வாங்குவார்கள். பதிவேட்டில் நாலு பக்கம் கிழிந்திருக்கும்.

இது பரிசோடு நிற்கும் விஷயமாகவும் இல்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டிய கார் அசல் வடிவில் இருந்தால்தான், சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால்தான், விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம். அசல் வடிவம் எது என்று நாளை ஓர் அதிகாரி கேட்கும்போது உங்கள் மதிப்பெண் தாளைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். நான்கு கதவு ஹெரால்டு முழுக்க ‘மாற்றம் செய்யப்பட்ட வண்டி’ ஆகிவிடும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது சிறியது. இந்தியாவில் தயாரான கார்களுக்கு இந்தியப் பாகமே அசல் என்று எழுத்தில் அறிவியுங்கள். ஹெரால்டு, கெசல், அம்பாசடர், பத்மினி ஒவ்வொன்றுக்கும் எந்த வருடம் எந்தப் பாகம் என்று ஒரு பட்டியல் போட, பழைய மெக்கானிக்குகளில் இரண்டு பேரையாவது குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது. என் வண்டியை மறுபடி பார்க்க வருவதானால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். பரிசு வேண்டாம், தாளில் அந்த இரண்டு வரியை மட்டும் தயவுசெய்து அடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
தாம்பரத்திலிருந்து ஒரு ஹெரால்டுக்காரன்