1800ஆம் ஆண்டுத் தேர்தலில் விடுபட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் கட்சிகள் தோன்றிய விதம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தேசிய வங்கி விஷயத்தில் திறைசேரிச் செயலாளர் ஹமில்டனும் ஜெபர்சனும் முட்டிக்கொண்டது, 1796இல் பதவியை விட்டுப் போகும்போது கட்சி வெறி வேண்டாம் என்று வொஷிங்டன் எச்சரித்தது எல்லாம் சரியாகவே இருந்தன. வெளியுறவுச் செயலாளர் ஜெபர்சன் தன் திணைக்களத்தில் ஒரு கவிஞருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுக்க, அவர் அந்தச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு ஹமில்டனைத் திட்டிப் பத்திரிகை நடத்திய கதைக்குச் சிரித்தே விட்டேன். நம் நாட்டுக்காரர்கள் அதிலும் கெட்டிக்காரர்கள்.

ஆனால் 1800 தேர்தலில் கட்டுரையாளர் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். அங்கே ஜனாதிபதியைத் தெரிவு செய்வது மாநிலந்தோறும் நியமிக்கப்படும் தேர்வாளர்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு, எது ஜனாதிபதிக்கு என்ற பிரிவு இல்லை. அந்த வாக்குகளில் ஜெபர்சனுக்கும் அவரோடு சேர்ந்து நின்ற அவரது கட்சிக்காரர் பர்ருக்கும் தலா 73, அப்போது ஜனாதிபதியாக இருந்த அடம்ஸுக்கு 65. சமநிலையை உடைக்கப் பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்களித்தது. சரி, எட்டு வாக்கில் அடம்ஸ் தோற்றது எப்படி? பர் நியூயோர்க்கில் ஆள் திரட்டியது ஒரு காரணம்தான். இன்னொன்று, அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருந்த கணக்கு. அடிமைக்கு வாக்கு கிடையாது. ஆனால் மாநிலத்துக்கு எத்தனை ஆசனம் என்று பார்க்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகச் சேர்த்துக்கொள்வார்கள். மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் வாக்குகள் என்பதும் அந்த ஆசனக் கணக்கை ஒட்டித்தான்.

1790 கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். அடிமைகள் நீங்கலாக வேர்ஜீனியாவில் சுமார் 455,000 பேர், பென்சில்வேனியாவில் சுமார் 430,000 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 1800இல் பென்சில்வேனியாவுக்கு 15 வாக்குகள், வேர்ஜீனியாவுக்கு 21. அங்கிருந்த 290,000க்கும் மேற்பட்ட அடிமைகளின் பெயரால் வந்த கூடுதல் அது. அந்த 21உம் ஜெபர்சனுக்கே போயின. தெற்கு மாநிலங்களுக்கு இப்படிக் கிடைத்த வாக்குகளைக் கழித்தால் அடம்ஸ்தான் வென்றிருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அடிமைகளின் தோளில் ஏறித்தான் ஜெபர்சன் சுதந்திரத்தின் கோயிலுக்குள் போகிறார் என்று பொஸ்டன் பத்திரிகையொன்று அப்போதே எழுதியது.

மலையகத்துப் பத்திரிகை வாசகருக்கு இது தூரதேசத்து விஷயம் அல்ல. இலங்கையில் 1946இல் 75,000 பேருக்கு ஒன்று என்ற அளவில் தொகுதி பிரித்தபோது தோட்டத்துச் சனத்தையும் சேர்த்தே எண்ணினார்கள். 1947இல் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போயிற்று. என் தகப்பனார் 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் வாக்களித்தவர். 1952இல் அவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. தொகுதி மட்டும் அப்படியே இருந்தது. லயத்தில் இருந்த எங்கள் தலைகளைக் காட்டி உண்டான ஆசனத்துக்கு யார் போவது என்பதை மற்றவர்கள் தீர்மானித்தார்கள். நாங்கள் அடிமைகள் என்று சொல்ல வரவில்லை, அவர்கள் பட்டது வேறு. ஆனால் தலையை எண்ணிவிட்டு வாக்கை மறுக்கும் கணக்கு ஒன்றுதான். அங்கே ஐந்துக்கு மூன்று, இங்கே முழுத் தலை.

அடுத்த வாரம் அமெரிக்க அரசியலமைப்பின் 12ஆவது திருத்தம் பற்றி எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். 1804இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம் ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் வாக்குகளைப் பிரித்ததே தவிர, ஐந்தில் மூன்றைத் தொடவில்லை. அதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் என் பேத்தி தங்கள் கட்டுரைகளை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறாள். வேர்ஜீனியா, பென்சில்வேனியா கணக்கைச் சிறு அட்டவணையாகப் போட்டால் அவளுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பொகவந்தலாவை