கைமாற்றாகக் கொஞ்சம் நம்பிக்கை

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. "கொஞ்சம் சரியானதும் நானே பேசுகிறேன் அக்கா" என்று ஒரு வரி மட்டும் வந்தது. அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். ஊரறிய எழுதுகிறேன், ஆனால் உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. தேர்வில் இரண்டாம் முறையும் தவறியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதை நீயே ராத்திரி பகலாகப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பாய்.

முதலில் சரியாக வேண்டும், அப்புறம் மனிதர்களைப் பார்க்கலாம் என்று நினைக்கிறாய். நான் பார்த்தவரை அது தலைகீழாகத்தான் நடக்கிறது.

என் ஆய்வேடு பாதியில் நின்றுபோன எட்டு மாதமும் நான் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். வந்தவர்கள் எல்லாரும் "உன்னால் முடியும்" என்றார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. உடன் படித்த ஒருத்தி மட்டும், "எங்கே நிறுத்தினாய்? காட்டு" என்றாள். காட்டினேன். படித்துவிட்டு, "இந்த மூன்றாம் பத்தி எனக்குப் புரியவே இல்லையே" என்றாள். அவளுக்கு விளக்கப்போய் அன்றைக்கே அரைப் பக்கம் எழுதிவிட்டேன். அவள் என்னைத் தேற்றவே இல்லை. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன் என்பதை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் எழுதினார். தானே செய்து பார்ப்பது, பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், அந்த நேரத்து உடல் மன நிலை என்று நான்கு வழி. தானே செய்து பார்ப்பதன் வலு வெறும் சொல்லுக்குக் கிடையாது என்கிறார். அந்த அரைப் பக்கத்தின் ரகசியம் எனக்கு அதைப் படித்தபோதுதான் பிடிபட்டது.

இன்னொரு ஆளையும் உனக்குச் சொல்ல வேண்டும். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. நம்பி வந்த வியாபாரம் கைவிட்டுப் போய், ஓட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் அங்கே போகாமல் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களைக் கூப்பிட்டார். தனக்கு உதவ ஆள் தேடவில்லை. தன்னைப் போலவே குடியோடு மல்லுக்கட்டும் இன்னொருவர் யாராவது இருந்தால் அவரிடம் பேச வேண்டும் என்றுதான் கேட்டார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்த மனிதர், மணிக்கணக்காகப் பேசினார். உடனே எல்லாம் மாறிவிடவில்லை, பாப் அதற்கப்புறமும் ஒருமுறை சறுக்கினார். ஆனால் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அந்தப் பேச்சிலிருந்துதான் முளைத்தது. அன்று யார் யாரைக் காப்பாற்றினார் என்று எனக்கு இன்னமும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நம்பிக்கையைக் கைமாற்றாக வாங்கலாம் தம்பி. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. கொடுத்தவருக்கே திருப்ப வேண்டும் என்றும் இல்லை. என் தோழிக்கு நான் இதுவரை எதையும் திருப்பவில்லை. எல்லாரிடமும் போய்க் கை நீட்டாதே, அது வேறு. சிலரோடு அரை மணி பேசினால் இருப்பதும் கரைந்துவிடும். அவர்கள் யார் என்று உனக்கே தெரியும்.

சரி, நாளை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கணக்குத் தாளில் எந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டாய் என்று மட்டும் சொல். எனக்குக் கணக்கு வராது. நீதான் விளக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா