இயக்க நரம்பணு வெறும் கம்பி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சுவாசம் பற்றிய கட்டுரை, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் 1991இல் அடையாளம் காணப்பட்ட பிரீ-பாட்சிங்கர் பகுதியிலிருந்தே உள்மூச்சின் தாளம் பிறக்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியது. ஆனால் அங்கிருந்து வரும் கட்டளையை இயக்க நரம்பணுக்கள் (தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள்) மின்கம்பியைப் போல அப்படியே மூச்சுத் தசையான உதரவிதானத்துக்குக் கடத்துகின்றன என்று ஒரே வரியில் முடித்திருப்பது சரியல்ல. உடலியங்கியல் பாடம் நடத்துபவன் என்பதால், அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த நரம்பணுக்கள் கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் கண்டங்களில் இருக்கின்றன. ஒவ்வோர் உள்மூச்சின்போதும் அவற்றின் மேல் குளூட்டமேட் என்னும் நரம்புக் கடத்திப் பொருள் சுரக்கிறது. நரம்பணுவின் மேற்பரப்பில் அதைப் பற்றும் புரதங்களான ஏற்பிகளில், ஏஎம்பிஏ வகை அதை உடனே பற்றிக்கொள்ள, சில மில்லிநொடிகளில் சோடியம் உள்ளே பாய்ந்து செல்லின் மின்னழுத்தம் உயரும். பக்கத்திலேயே இருக்கும் மற்றொரு வகையான என்எம்டிஏ ஏற்பியின் வாயிலை மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருப்பதால், மின்னழுத்தம் போதிய அளவு உயர்ந்து அந்த அடைப்பு விலகிய பிறகே அதன் வழியாகக் கால்சியமும் நுழையும்.

கட்டளையின் வீரியத்தைக் கூட்டிக் குறைப்பவை, தாமே அயனி வாயிலாக இல்லாமல் செல்லுக்குள் செய்தி அனுப்பிச் செயல்படும் மெட்டாபோட்ராபிக் குளூட்டமேட் ஏற்பிகள். மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்படும் இந்த எட்டு ஏற்பிகளில் முதல் தொகுதியைச் சேர்ந்தவை, பொட்டாசியம் கசிவைக் குறைத்து, அதே அளவு குளூட்டமேட்டுக்கு நரம்பணு கூடுதலாகத் துடிக்கும்படி செய்கின்றன. மற்ற இரு தொகுதிகளும் பெரும்பாலும் குளூட்டமேட்டை வெளியிடும் நரம்பு முனையிலேயே இருந்து, மேலும் வெளியேறாமல் மட்டுப்படுத்துகின்றன. கொடுப்பவரின் கையைக் கொடுத்த பொருளே பிடித்து நிறுத்துவது போன்ற இந்த ஏற்பாடு, இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும் எனக்குச் சலிக்கவில்லை. தாளம் மாறாமலேயே மூச்சின் ஆழம் மாறுவதற்கு இங்கே இடமிருக்கிறது.

பிறந்த எலிக்குட்டியின் மூளைத்தண்டையும் தண்டுவடத்தையும் தனியே எடுத்து, உயிர்ப்புடன் வைத்துச் செய்யும் சோதனைகளில், தண்டுவடத்தில் மட்டும் என்எம்டிஏ அல்லாத குளூட்டமேட் ஏற்பிகளைத் தடுத்தால், முகுளத்தில் தாளம் தொடரும்போதே உதரவிதான நரம்பின் துடிப்பு பெரிதும் அடங்கிவிடுகிறது.

ஆகவே அந்தக் கட்டுரையின் பெட்டிச் செய்திக்கு ‘குளூட்டமேட்: நரம்பு நஞ்சு’ என்று தலைப்பிட்டதும் பொருந்தவில்லை. அளவு மீறினால் அது இயக்க நரம்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதும், இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏஎல்எஸ் நோய்க்கு 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் மருந்து குளூட்டமேட் வெளியீட்டைக் குறைக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் அதே குளூட்டமேட் இல்லாமல் அடுத்த உள்மூச்சு நடக்காது என்பதையும் சேர்த்து, அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்