ஆயில் விற்கும் கடை பழைய ஆயிலையும் வாங்கிக்கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வாழ்நாளில் முதன்முறையாக, எங்கள் வீட்டுக் காருக்கு, என் மகளின் துணையோடு, நானே எஞ்சின் ஆயில் மாற்றினேன். அந்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் காரிலிருந்து வடித்த பழைய ஆயிலை முறையாக ஒப்படைக்க ஓர் இடம் தேடி இன்று வரை அலைந்துகொண்டிருக்கிறேன். வீட்டிலேயே இந்த வேலையைச் செய்ய விரும்பும் மற்ற வாசகர்களுக்கும், விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும் பயன்படலாம் என்பதால் என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உறையூரில் வசிக்கிறேன். ஒன்பது வருடப் பழைய சிறிய பெட்ரோல் கார் ஒன்று எங்களிடம் இருக்கிறது. என் கணவர் இருந்தவரையில் அதன் பராமரிப்பை அவரே கவனித்துக்கொண்டார். அவருக்குப் பின், பில்லில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கட்டிவிட்டு வருவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பாகுநிலையையும் உராய்வையும் முப்பது வருடம் நடத்தியவள், தன் காரின் எஞ்சினுக்குள் அந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லையே என்ற எண்ணம்தான் என்னை இதில் இறக்கியது.

முதலில் காரோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எங்கள் வண்டிக்கு 5டபிள்யூ-30 என்ற தரத்தில், ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் 3.1 லிட்டர் ஆயில் தேவை என்று அதில் தெளிவாக இருந்தது. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் வாங்கி வராமல், கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குவதே சரி. 3.5 லிட்டர் டப்பா ஒன்று, புதிய ஃபில்டர், ஆயில் சேம்பரின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியின்) அடிப் போல்ட்டுக்குப் புதிய வாஷர், ஒரு ஜோடி இரும்பு ஸ்டாண்ட், ரப்பர் கையுறை ஆகியவற்றை வாங்கினேன். வாஷர் சில ரூபாய்ப் பொருள்தான். ஆனால் ஒரு முறை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டால் அங்கிருந்து சொட்டு விழத் தொடங்கும் என்பதால் அதை மாற்றாமல் விடக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஜாக்கி வைத்து மட்டும் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும், தலையை நுழைக்கக் கூடாது. சக்கரம் மாற்றுவதற்காக வண்டியைச் சிறிது நேரம் தூக்கிப் பிடிப்பதற்கே ஜாக்கி. அடியில் ஆள் படுத்திருக்கும்போது 900 கிலோ எடையை நம்பி ஒப்படைக்கக்கூடிய கருவி அது அன்று. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வைப்பது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்து, கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகே என் மகள் அடியில் சென்றாள். நான் தரையில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன். அவளால் எட்டாத இடத்துக்கு நானும் ஒருமுறை படுத்துக்கொண்டே நகர்ந்து போனேன்.

வேலையைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்திருந்தோம். இளஞ்சூட்டில் ஆயிலின் பாகுநிலை குறைந்து, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு விரைவாக வடியும். எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருந்தால் கை வெந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தோம். போல்ட்டின் கடைசி இழை கழன்ற அந்த நொடியில், ஆயில் நேர்கீழாக விழும் என்று நாங்கள் வைத்திருந்த பேசினைத் தாண்டி, வளைந்து பாய்ந்து தரையில் விழுந்தது. முன்னெச்சரிக்கையாகப் பழைய செய்தித்தாளையும் மரத்தூளையும் பரப்பியிருந்ததால் சிமெண்ட் தரை தப்பியது. பேசினை ஒரு சாண் தள்ளி வைத்த பிறகு முழுவதும் அதில் விழுந்தது. முதலில் கயிறு போல் கனத்து விழுந்து, பிறகு நல்லெண்ணெய் வார்ப்பது போல் மெலிந்து, கடைசியில் நூலாகி, சொட்டாகி நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கறுப்பு மையைப் போன்ற அந்த ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அதில் மிக நுண்ணிய பளபளப்பு தெரிந்தது. எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகம் அது.

ஃபில்டரைக் கழற்றியபோது ஒரு வருத்தமான உண்மையும் தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் கொடுத்த பில்லில் புதிய ஃபில்டருக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். கையில் வந்த ஃபில்டரோ துருவேறி, சேறு உலர்ந்து அப்பி, எழுத்துகள் அழிந்து, பல வருடப் பழையதாக இருந்தது. வண்டியின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர்களுக்கு இப்படித்தான் நேர்கிறது என்பதைச் சொல்லி மேலே செல்கிறேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அதன் மேல் புதியதைப் பொருத்தினால் வண்டி ஓடும்போது ஆயில் முழுவதும் வெளியேறிவிடும். ஆகவே விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, புதிய வளையத்தில் சிறிது புதிய ஆயிலைத் தடவி, கையாலேயே, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று மட்டும் முறுக்கினோம். அடிப் போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது. சேம்பரின் இழை போய்விட்டால் செலவு பல மடங்காகிவிடும்.

புதிய ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, எச்சரிக்கை விளக்கு அணைவதையும் கீழே கசிவு இல்லை என்பதையும் பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தோம். தேன் நிறத்தில், இரண்டு குறிகளுக்கும் இடையில், மேல் குறிக்கு அருகில் ஆயில் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எழுத்தில் சொல்வது கடினம். அறுபது வயதைக் கடந்த பிறகு புதிதாக ஒரு வேலையை முறையாகக் கற்றுச் செய்து முடித்த நிறைவு அது.

மீதியிருந்த புதிய ஆயிலை ஒரு சிறு பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, காலியான அந்த டப்பாவிலேயே பழைய ஆயிலைப் புனல் வைத்து ஊற்றினேன். அளந்தபோது 2.8 லிட்டர் இருந்தது. என் கேள்வியும் அங்குதான் தொடங்கியது.

ஆயில் வாங்கிய கடைக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு சென்றேன். “விக்கிறதோட சரிங்கம்மா, பழசை நாங்க வாங்கறதில்ல” என்றார் கடைக்காரர். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். வாங்க வேண்டும் என்று அவரிடம் யாரும் இதுவரை சொல்லவில்லை. எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர், திரவம் எதையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்றார்; அவர் சொன்னதும் நியாயமே. பக்கத்து வீட்டுக்காரர், “டீச்சர், சாக்கடையில ஊத்துங்க, கொசுவாவது சாகும்” என்று நல்ல எண்ணத்தோடு யோசனை சொன்னார். மரச்சட்டத்தில் கரையான் வராமல் பூசலாம், சென்ட்ரிங் பலகைக்குத் தடவலாம், வேலிக் காலுக்கு ஊற்றலாம் என்று ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். இவை எல்லாம் நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பவைதான். ஆனால் எங்கே பூசினாலும் எங்கே தடவினாலும் மழை அதைக் கழுவி மண்ணுக்கும் நீருக்கும்தான் கொண்டுபோகும்.

எங்கள் பகுதியின் சாக்கடை நீர் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கலக்கிறது. காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் நுழைந்து வெளியேறி, கிழக்கே வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் அது. என் 2.8 லிட்டரை நான் வாசலில் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடம் யாரோ ஒருவருடைய நெல் வயல். பழைய எஞ்சின் ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள்களும், கரியும், எரியாத பெட்ரோலும், ஆயிலில் கலந்திருந்த துத்தநாகச் சேர்மங்களும், எஞ்சின் வெப்பத்தில் உருவான நச்சு ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. நீண்ட நாள் தோலில் பட்டால் புற்றுநோய் வரக்கூடும் என்பதால்தான் கையுறை அணிய வேண்டும் என்கிறார்கள். ஒரு காருக்கு ஒரு முறை ஆயில் மாற்றும்போது வெளிவரும் பழைய ஆயில் 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் மக்களை எச்சரிக்கிறது.

இத்தனைக்கும் இந்தப் பொருள் வீணாகப் போக வேண்டியதே இல்லை. எஞ்சினில் ஆயில் அழுக்காகிறது, அதில் சேர்த்த வேதிப்பொருள்கள் தீர்ந்துபோகின்றன; அடிப்படையான எண்ணெயின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்தால் அதிலிருந்து மீண்டும் மசகு எண்ணெய், அதாவது எஞ்சின் ஆயில் போல உராய்வைக் குறைக்கும் எண்ணெய், கிடைக்கும். தண்ணீரோ பெட்ரோலோ பிரேக் ஆயிலோ கலக்காமல் தனியாகச் சேர்த்துக் கொடுப்பது மட்டுமே நம் பங்கு.

விதிகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. அபாயகரக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய எஞ்சின் ஆயிலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. 2023-இல் அவற்றில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மசகு எண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற கடமை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதேபோல், வீடுகளில் சேரும் அபாயகரக் கழிவுகளை ஒப்படைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் உள்ளாட்சி அமைப்புகள் அமைக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 2016-லேயே எழுதப்பட்டது. ஆனால் பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பேட்டரி, ஊசி என்று அதில் வரிசையாகச் சொன்ன பொருள்களில் எஞ்சின் ஆயிலின் பெயர் இல்லை. விதிகளெல்லாம் பெரிய பட்டறைகளையும் தொழிற்சாலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. கையில் ஒரே ஒரு டப்பாவோடு கடை வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அவற்றால் ஒரு வழியும் பிறக்கவில்லை.

ஜெர்மனியில், எஞ்சின் ஆயில் விற்பவர், தான் விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் கட்டணமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது நம்மால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய கார் பேட்டரியைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்க் கடைகளில் வேரூன்றிவிட்டது; பழைய பேட்டரியைக் குப்பையில் எறிபவரை நான் பார்த்ததில்லை. காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. அதே முறையில், ஆயில் டப்பாவின் விலையோடு ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்கி, அதே டப்பாவில் பழைய ஆயிலைக் கொண்டுவந்து கொடுக்கும்போது திருப்பித் தரலாம். கடையின் பின்புறம் மூடியுள்ள ஒரு டிரம் இருந்தால் போதும். அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் வந்து எடுத்துச் செல்ல வேண்டிய ஏற்பாட்டை, ஏற்கெனவே பொறுப்புள்ள நிறுவனங்கள் செய்ய வேண்டும். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அத்தகைய சேகரிப்பாளர்களின் பட்டியலை மாவட்ட வாரியாகத் தமிழில் அச்சிட்டு, ஆயில் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒட்டச் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இது காருக்கு மட்டும் உரிய விஷயமும் அன்று. ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் இருக்கிறது. தெருவோரப் பட்டறைகளில் எத்தனை வண்டிகளுக்கு ஆயில் மாற்றுகிறார்கள் என்பதை வாசகர்கள் தாங்களே கண்டிருப்பார்கள். அந்தப் பட்டறைகளின் முன்னால் மண் கறுத்து இறுகிக் கிடப்பதையும் கண்டிருப்பார்கள்.

என்னுடைய டப்பா இப்போது வீட்டின் பின்கட்டில், மூடி இறுக்கி, “பழைய எஞ்சின் ஆயில், 2.8 லிட்டர், தண்ணீர் கலக்காதது” என்று சீட்டு ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பழைய ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து வடியவிட்டு, ஒரு பையில் கட்டி அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். திருச்சியில் இவற்றை முறைப்படி வாங்கிக்கொள்ளும் இடம் எது என்று அறிந்த வாசகர்களோ அதிகாரிகளோ இப்பகுதியில் எழுதினால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். கையேட்டின்படி அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய நாள் வரும்போது இரண்டாவது டப்பாவும் அங்கே சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
உறையூர், திருச்சிராப்பள்ளி.