பிரம்பைத் தவிர வேறு எதையும் கேளுங்கள்

அன்பான பெற்றோருக்கு,

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் வருகிறது. வகுப்புக்கு வகுப்பு காசு சேர்த்து டீச்சர்மாருக்குச் சேலை வாங்கப் போவதாகக் காதில் விழுந்தது. வேண்டாம். கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்கு அந்தக் காசு பெரிசு, கொடுக்க முடியாத பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கே வராது.

இப்போது எழுத வந்த விசயம் வேறு. பிள்ளையைச் சேர்க்க வரும்போது உங்களில் பலர் சொல்வது, "சேர், கண்ணை மட்டும் விட்டுப்போட்டு மிச்சத்த நீங்க பாத்துக்கங்க." எங்கள் மேலுள்ள நம்பிக்கையில்தான் சொல்கிறீர்கள், விளங்குகிறது. ஆனாலும் நீங்கள் தந்தாலும் அடிக்கிற அந்த அதிகாரம் எங்களுக்கு வேண்டாம். உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2016இலேயே வந்துவிட்டது. ஆனால் சுற்றுநிருபத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அடிக்குப் பயந்த பிள்ளை விளங்காத இடத்தில் வாய் திறக்காது, வாய் திறக்காத பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று எந்த ஆசிரியருக்கும் தெரியவராது, அத்தோடு படிப்பித்தல் நின்றுவிடும்.

0.35, 0.5 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் 0.35 என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். 35 ஐந்தைவிடப் பெரிதுதானே, அந்தக் கணக்கு அவர்களுக்கு. சிவப்புப் பேனையால் பிழை போட ஒரு நொடி போதும். "ஏன் மகன் அப்படி எழுதினீங்க?" என்று கேட்டு, அளவுநாடாவை விரித்து அரை மீற்றர் எங்கே, 35 சென்ரிமீற்றர் எங்கே என்று அவனையே தொட்டுக் காட்டவைக்கப் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் ஆசிரியர் என்று பெயர், மற்றது புத்தகத்திலேயே இருக்கிறது.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவரே கல்லடி உப்போடையில் பள்ளிக்கூடம் எழுப்பி, ஆதரவில்லாத பிள்ளைகள் தங்கிச் சாப்பிட்டுப் படிக்கவும் வழி செய்தார். பிள்ளை சாப்பிட்டதா, எங்கே படுக்கிறது என்பதும் ஆசிரியர் அறிய வேண்டியதுதான் என்று நான் முழுதாக நம்புகிறேன்.

அதனால்தான் பிள்ளை சில நாள் தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியர் உங்கள் வாசலுக்கு வருவார். கோபிக்க வேண்டாம். பெரும்போக விதைப்பு தொடங்கினால் பின்வரிசை வாங்குகள் காலியாகிவிடுகின்றன, வயல் வட்டையில் ஆள் தேவைதான், தெரியும், ஆனால் 16 வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்புறம் ஒன்று, வகுப்பில் பாதி, டியூசனில் மீதி என்று எந்த ஆசிரியராவது படிப்பித்தால் என்னிடம் நேரே சொல்லுங்கள், சொன்னவர் பெயர் வெளியே போகாது.

உங்களிடம் கேட்பது இதுதான். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறாரா, பிள்ளை இனி அம்மம்மாவோடா, வீட்டில் சண்டையா, கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறதா, வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காலையில் வர முடியாதவர்கள் பள்ளி விட்ட பிறகு வரலாம், அலுவலகத்தில் நான் இருப்பேன்.

அன்புடன்,
அதிபர்