கண்காட்சி மேசையில் விற்கும் ஸ்லாப்கள்: நாணயச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தமிழ்நாட்டில் நாணயக் கண்காட்சி நடத்தும் எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கூட்டத்தையோ ஏற்பாட்டையோ குறை சொல்ல வரவில்லை. ஆனால் அசல்தானா என்று பார்த்துத் தரம் மதிப்பிட்டு (இதுதான் கிரேடிங்), நம்பர் அச்சிட்ட சீட்டோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த நாணயங்கள், அதாவது ஸ்லாப்கள், மேசைகளில் வருஷா வருஷம் கூடுகின்றன. அவை ஒரிஜினல்தானா என்று பார்க்க அரங்கில் ஒரு ஏற்பாடும் இல்லை. வாங்குகிறவர் தயங்கினால் "நம்பர் இருக்கே சார், போன்ல போட்டுப் பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சிக்கலே அந்த நம்பரில்தான். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற அமெரிக்க கிரேடிங் கம்பெனிகளின் பெயரில் போலிப் பெட்டி செய்பவர்கள் நம்பரைக் கற்பனையாக அடிப்பதில்லை. ஏலத்துக்கு வந்த ஒரு நிஜ ஸ்லாப்பின் படத்தைப் பார்த்து அதே நம்பர், அதே ஆண்டு, அதே கிரேடு போட்டுச் சீட்டு அச்சடிக்கிறார்கள், அதனால் கம்பெனியின் இணையதளத்தில் நம்பரைத் தட்டினால் விவரம் அச்சுப்பிசகாமல் வரத்தான் செய்யும். இது புதுசும் இல்லை. சீனாவிலிருந்து வந்த போலிப் பெட்டிகளைப் பற்றி பி.சி.ஜி.எஸ். 2008-லேயே எச்சரித்துவிட்டது. உலகத்தில் எங்கோ அப்படி ஒரு நாணயம் இருக்கிறது என்பதைத்தான் நம்பர் சொல்லும், நம் கையில் இருப்பது அதுதான் என்று சொல்லாது.

அதைச் சொல்வது படம். என்.ஜி.சி. 2008-க்குப் பிறகு கிரேடு செய்த பெரும்பாலான நாணயங்களுக்கு அவர்கள் தளத்திலேயே படம் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ராஜாவின் கன்னத்தில் உள்ள கீறல், எழுத்தோரத்துக் கரும்புள்ளி, விளிம்பில் ஒரு நசுங்கல், இவை அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: நல்ல நாணயம் ஒன்றிலிருந்தே அச்சு எடுத்துப் போலி அடித்தால் அதன் பள்ளங்களும் கீறல்களும் போலியில் அப்படியே வந்துவிடும். அதனால்தான் படம் ஒத்துப்போன பிறகும் லென்ஸ் வேண்டும், எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க.

அப்புறம், பெட்டி நிஜம், உள்ளே இருப்பது வேறு என்கிற வகை. எனக்கு இதுதான் அதிகப் பயம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் எவ்வளவு அரிது, அதற்கு முந்தைய 1938 எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி எண்ணை மட்டும் திருத்திய ஒரு நாணயத்தை நிஜப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பாதிப் பேர் நாணயத்தையே பார்க்க மாட்டார்கள், சீட்டைத்தான் பார்ப்பார்கள். இந்தப் பெட்டிகளின் இரண்டு பாதிகளையும் ஒலி அதிர்வால் உருக்கி ஒட்டுகிறார்கள். பிரித்து மறுபடி மூடினால் தடம் விழும். பக்கவாட்டுத் தையலில் வெள்ளைப் பூப்பு, பசை வழிந்த பளபளப்பு, மூலையில் நெம்பிய பிசிறு, விரலால் தடவும்போது ஒரு பாதி துருத்துவது, எல்லாம் அதைத்தான் காட்டும். பெட்டிக்குள் தன்னைப் பிடித்திருக்கும் வளையத்தில் நாணயம் கலகலவென்று ஆடினாலும் சந்தேகப்படலாம்.

2020 முதல் பி.சி.ஜி.எஸ். பெட்டிக்குள் சிப் வைக்க ஆரம்பித்திருக்கிறது, போனை அருகே கொண்டுபோனால் அதுவே படித்துச் சொல்லும். நல்ல விஷயம், ஆனால் பழைய பெட்டிகளில் சிப் கிடையாது, சந்தையில் அவையும் ஏராளம்.

பெயரே கேள்விப்படாத 'கிரேடிங் கம்பெனி' பெட்டிகள் தனிக்கதை. அவை போலி என்று சொல்ல முடியாது, அந்தச் சீட்டுக்கு மதிப்பும் கிடையாது.

சரி, சங்கம் என்ன செய்யலாம்? நுழைவாயில் பக்கத்தில் ஒரு சோதனை மேசை போடுங்கள்: நல்ல விளக்கு, பத்து மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், இணையம், ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தேகமில்லாத ஸ்லாப் இரண்டு. பணம் கொடுப்பதற்கு முன் ஸ்லாப்பை அங்கே கொண்டுபோய்ப் பார்க்க வாங்குகிறவருக்கு உரிமை உண்டு என்று மேசை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மறுக்கிற வியாபாரிக்கு அடுத்த முறை இடம் வேண்டாம். பில்லில் ஸ்லாப் நம்பர் கட்டாயம் இருக்க வேண்டும். இப்போது பலர் 'பழைய வெள்ளி நாணயம் 1' என்று எழுதிக் கொடுக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நியாயம் கேட்பது?

'சங்கம் எதற்கு இதில் தலையிட வேண்டும், வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டும்' என்று சிலர் சொல்வார்கள். பொய் வர்த்தகக் குறி போட்ட பொருளை விற்பது 1999 வர்த்தகக் குறிகள் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அமெரிக்காவில் 2014-இல் கொண்டுவந்த நாணயப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், போலி என்று தெரிந்தே விற்பனைக்குத் துணைபோகிறவர்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நம் ஊரில் அந்த அளவுக்குப் போக வேண்டாம், மேசையாவது போடுங்கள். லென்ஸ் என்னிடம் இருக்கிறது, காலையில் இரண்டு மணி நேரம் உட்காரவும் தயார்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிகளுக்கு வழக்கமாக வரும் ஒரு சேகரிப்பாளர்