துவைத்து மடித்துத் தந்த கைகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் தெருவாருக்கும், அந்த நாட்களில் எங்களுக்காக ஓடி அலைந்த அனைவருக்கும்,

ஸ்தோத்திரம். என் கணவர் நேற்று மாலை தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடந்தார். முருங்கை மரத்தைப் பார்த்து, "பூத்துவிட்டதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் வலது கையில் மாவுக்கட்டு அவிழ்த்து ஒரு வாரம்தான் ஆகிறது. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. கோணல் எழுத்தாக இருந்தாலும் இதை என் கையாலேயே எழுத விரும்புகிறேன்.

நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. இரத்தம் கொடுக்க நள்ளிரவில் வந்து நின்ற வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள், மூன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு தூங்காமல் இருந்த குருவானவர், சங்கிலி ஜெபம் வைத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், நோன்பு நாளிலும் எங்களுக்கு மதியச் சோறு பொங்கி அனுப்பிய எதிர்வீட்டுப் பாய் குடும்பத்தார், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பி, தினமும் வந்து என் கணவரின் காலை நீட்டி மடக்கப் பழக்கிய என் பழைய மாணவி, டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டார் சார்பில் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.

ஆனால் இந்த மடலில் ஒருவரைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன். பெயர் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. நம் ஆலயத்தைச் சனிக்கிழமைதோறும் கூட்டித் துடைக்கிறவர்கள், திருவிருந்து மேஜையின் வெள்ளை விரிப்பைத் துவைத்துக் கொண்டுவருகிறவர்கள் என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. படுக்கையிலேயே எல்லாம். ஒரு நாளைக்கு மூன்று விரிப்புகள், சில நாள் நான்கு. எனக்கு ஒரு கைதான் இருந்தது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர், "டீச்சர், என்ன வேலை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இந்தத் துணியை மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பின்வாசலில் ஒரு நீல வாளி நிறைந்து, அதன் மேல் நான் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது, மூக்கிலும் படக்கூடாது என்று வீடெங்கும் ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன். என் இருபத்திரண்டு வருட ஓய்வுநாள் பள்ளி ஊழியத்தில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

முதல் நாள் மாலை அந்த அக்கா வந்தார்கள். சாரைப் பார்த்து நின்ற நிலையில் ஒரு சின்ன ஜெபம் பண்ணினார்கள். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே பின்வாசலுக்குப் போய் வாளியைத் தூக்கிவிட்டார்கள். நான் பதறிப்போய், "வை, வை, நாளைக்கு ஆள் வரும்" என்றேன். "நாளைக்குள் கறை பிடித்துவிடும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை ஒரு துணிப்பையில் விரிப்புகள் வந்தன. நான் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை அவர்கள் கையில் திணித்தேன். போன பிறகு பார்த்தால் அது மாத்திரைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. இரண்டாம் நாளும் கொடுத்தேன். அன்றும் மாத்திரைப் பெட்டிக்கு அடியில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பையைப் பிரித்து ஒரு விரிப்பை எடுத்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஓரங்களை உள்ளே தள்ளி, மறுபடி மூன்றாக மடித்திருந்தது. பார் சோப்பின் வாசனை, நீலம் போட்ட வெளுப்பு, வெயிலில் காய்ந்த மொடமொடப்பு. அந்த மடிப்பு எனக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் குருவானவர் திருவிருந்து மேஜையில் விரிக்கும் துணியில் விழுந்திருக்கும் அதே கோடுகள். பதினாறு வருடமாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே முழங்காற்படியிட்டிருக்கிறேன். ஆண்டவருடைய மேஜைத் துணியை எப்படி மடிப்பார்களோ, அப்படியே என் கணவரின் படுக்கை விரிப்பையும் மடித்திருந்தார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன்.

அழுதேனே தவிர, அப்போதும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் வாளியைக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். அக்கா வந்து பார்த்தார்கள். பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். "திறந்து விடுங்கள் டீச்சர்." நான் திறக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து என் கணவர் தேய்ந்த குரலில், "திறந்து விடம்மா" என்றார். திறந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வேதத்தை எடுத்து யோவான் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற அதிகாரம், எத்தனையோ முறை நான் பாடம் நடத்திய அதிகாரம். பெரிய வியாழன் ஆராதனையில் வாசித்தும் இருக்கிறேன். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொல்வதைத் தாழ்மை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த இரவில் அது எனக்குத் தாழ்மையாகத் தெரியவில்லை, வாளியைப் பூட்டி வைக்கிற வேலையாகத் தெரிந்தது. அதற்கு ஆண்டவர் சொல்லும் பதில் எவ்வளவு கண்டிப்பானது! "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை."

எபேசியர் 2:8 நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." தடுமாறாமல் சொல்லும் பிள்ளைக்குப் பென்சில் பெட்டி கொடுப்பேன். ஈவு என்றால் என்ன என்று கேட்டால் அரை மணி நேரம் விளக்குவேன். அப்படிப்பட்ட நான் ஒரு வாளித் துணி விஷயத்தில் ஈவை வாங்கிக்கொள்ள முடியாமல் ஐந்நூறு ரூபாயை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏன் நீட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். காசு கொடுத்துவிட்டால் அவர்கள் வேலைக்காரி, நான் எஜமானி. கணக்குத் தீர்ந்துவிடும், நன்றிக்கடன் எதுவும் மிஞ்சாது. கொடுக்க முடியாமல் போகும்போதுதான் நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று பார்க்க வேண்டியதாகிறது. தேவனிடமும் இத்தனை வருடம் இதைத்தான் செய்துவந்திருக்கிறேன். தவறாமல் தசமபாகம், லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு வேளை உபவாசம், ஓய்வுநாள் பள்ளி, ஸ்தோத்திரக் காணிக்கை. இவற்றில் ஒன்றும் தவறில்லை. ஆனால் என் உள்மனதில் அவையெல்லாம் கூலியாக இருந்தன. அவருக்குக் கூலி கொடுத்துவிட்டு, என் பின்வாசல் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். "எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது" என்று ஏசாயா எழுதியதை முன்பெல்லாம் உவமை என்று கடந்துபோவேன். அந்த வாரம் அழுக்கான கந்தை எப்படி இருக்கும், எப்படி நாறும், அதை இன்னொருவர் கையில் கொடுப்பது எவ்வளவு கூசும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிலுவையில் ஆண்டவர் என்னிடமிருந்து தூக்கிக்கொண்டு போனது அந்த வாளியைத்தான்.

அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் தள்ளி இன்னொன்று இருக்கிறது. முழுகினவன் தன் கால்களை மாத்திரம் கழுவ வேண்டும், மற்றப்படி அவன் முழுவதும் சுத்தமாயிருக்கிறான் என்கிறார். இரட்சிப்பு என்பது அந்த ஒரு முழுக்கு. பதினேழு வயதில் திடப்படுத்தல் ஆராதனையில் முழங்காலில் நின்ற நாளை நினைத்துக்கொண்டு, நான் முழுகினவள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். தெருப்புழுதி தினமும் காலில் ஏறும், தினமும் கழுவ வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். வேதத்தின்படி நடப்பது என்று நாம் சொல்கிறோமே, அது இந்தப் புழுதி விஷயம்தான்.

என் காலில் எவ்வளவு புழுதி ஏறியிருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அந்த அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர்கள். பதினாறு வருடமாக நான் அவர்களைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டேன். அவர்களுடைய தெரு குளத்துக்கு அந்தப் பக்கம். கிறிஸ்துமஸ் கேரல் பாட ஒவ்வொரு வருடமும் போகிறோம். வாசலில் நின்று பாடுவோம், ஜெபிப்போம். டீ கொண்டுவருவார்கள். நான் ஒரு வருடம் தொண்டை சரியில்லை என்றேன், மறு வருடம் வீட்டில் இப்போதுதான் குடித்தேன் என்றேன். பதினாறு வருடம் பதினாறு சாக்கு. நான் மட்டுமா என்று கேட்டுத் தப்பிக்க விரும்பவில்லை. உங்களில் யாரையும் சுட்டவும் இல்லை.

கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் பேதுருதான் வருகிறார். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் "விலகிப் பிரிந்தான்" என்று பவுல் எழுதுகிறார். இதைப் பந்திப் பிரச்சினை என்று பவுல் சும்மா விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடக்கவில்லை என்று எல்லோருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கேட்டார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில் சுவிசேஷமே அடங்கியிருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நான் வரலாற்றுப் பாடம் நடத்தியவள். 1780-ல் பாளையங்கோட்டையில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் பிராமண விதவையான குளோரிந்தா அம்மாள் உள்பட 40 பேர், பல சாதியினர், ஒரே பட்டியலில் இருந்தார்கள் என்று பெருமையாகச் சொல்வேன். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள் என்பதையும் சொல்வேன். இரண்டையும் யாரோ செய்ததாகவே சொல்லிவந்தேன். அந்தப் பதிவேட்டில் என் பெயர் இருக்குமா, வெளியே போனவர்களோடு நானும் போயிருப்பேனா என்று ஒரு நாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இருபத்தாறு நாட்கள் அக்கா துவைத்தார்கள். ஒரு நாள் நான், "ஏன் அக்கா இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். அக்கா என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர்கள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மேஜைத் துணியில் திராட்சரசம் சிந்திவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது டீச்சர். கறையைப் பார்த்தால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பெரிய வசனம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை இனி யாருக்கும் நீட்ட மாட்டேன். சபைக்கு முன்பாக நான் கொடுக்கும் வாக்கு இதுதான்: சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் வருகிற அசனப் பண்டிகையில் ஆசிரியைகளுக்குத் தனியாகப் போடும் மேஜையில் நான் உட்கார மாட்டேன். அக்கா எந்த வரிசையில் இருக்கிறார்களோ அந்த வரிசையில், அவர்கள் இலைக்கு அடுத்த இலையில் உட்காருவேன். என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் அங்கேதான் உட்காரச் சொல்வேன். நான் தவறினால் பவுல் கேட்டதுபோல முகத்துக்கு நேரே கேளுங்கள்.

அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் போய், "எங்களுக்கு ஒரு நாள் உங்கள் வீட்டில் சாப்பாடு போடுவீர்களா?" என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. அவர்கள் என் கட்டவிழ்த்த கையைப் பிடித்துப் பார்த்தார்கள், வீக்கம் இருக்கிறதா என்று விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்கள். பிறகு, சனிக்கிழமை ஆலயம் கூட்டி முடித்த பின் மதியம் வாருங்கள், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்கிறேன் என்றார்கள். ஆட்டோக்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டோம். என் கணவர் இப்போதே வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

இன்று காலை அக்கா ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள்: சாருக்கு உப்பு எவ்வளவு போடலாம் என்று டாக்டர் சொன்னார்?

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுநாள் பள்ளி டீச்சர்